மாஸ்க்குக்குள் படித்த இங்கிலாந்து

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தவள் என்று தெரிந்தால் நீங்கள் என்னைத் துணிச்சல்காரி என்று நினைத்துக்கொள்ளக்கூடும். ரொமான்டிசிசத்தில் தொடங்கி போஸ்ட்மாடர்னிசம் வரைக்கும் இங்கிலாந்து நாட்டு இலக்கியம் முழுவதையும் நான் படித்தது பயந்து பயந்துதான். யாராவது பார்த்துவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம்.

படித்தால் வேலை போகுமா என்று கேட்பவர்கள் ஒருநாள் எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நாங்கள் கொஞ்சம் பெண்கள் பஸ் ஏறி வந்து சுங்குவார்சத்திரத்தில் இறங்கியபோது, ஏஜென்ட் எங்களை டீக்கடையில் உட்காரவைத்துச் சொன்ன முதல் வார்த்தையே அதுதான். "டிகிரி கீதுன்னு எவளும் வாயத் தொறக்கக் கூடாது, தெரிதா? பிளஸ் டூ மார்க் ஷீட்ட மட்டும் குடு. டிகிரி படிச்சவ நிக்கமாட்டா, கேள்வி கேப்பான்னு கம்பெனிக்காரனுக்கு பயம்." நான் அப்போது பி.ஏ. ஆங்கிலம் முடித்திருந்தேன். பையின் அடியில் இருந்த சான்றிதழைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள்தான் பிறகு என் அறைத்தோழி ஆனாள். அவள் நிஜமாகவே பிளஸ் டூதான், அதனால் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வேலை கிடைத்தது வல்லம் வடகாலில், வண்டிகளுக்கான சின்னச் சின்ன எலக்ட்ரானிக் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில். என் தோழி கையில் சூடான கம்பியை வைத்துக்கொண்டு போர்டில் ஈயம் வைப்பாள். அதிலிருந்து எழும் புகையை இழுத்துக்கொள்ள அவள் முகத்துக்கு நேரே ஒரு குழாய் தொங்கும். அவள் முடித்த போர்டு என்னிடம் வரும். நான் லென்ஸ் விளக்குக்குக் கீழே வைத்து, ஈயம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிவிடுவேன். எல்லாருக்கும் நீலக் கோட்டு, தொப்பி, மாஸ்க். கண்ணை மட்டும் வைத்துத்தான் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

வேலை நிலைத்ததும் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. தொலைதூரக் கல்வியில் எம்.ஏ.வுக்குப் பணம் கட்டினேன். ஏன் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கேயாவது ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்று கால்கள் கெஞ்சியது ஒரு காரணமாக இருக்கலாம். மற்றதெல்லாம் எப்படியோ முடிந்துவிட்டது. கடைசியாக நின்றது ரொமான்டிசிசத்திலிருந்து போஸ்ட்மாடர்னிசம் வரைக்குமான இந்த ஒரு பேப்பர்தான்.

அதற்குள் லைனில் ஒரு விஷயம் நடந்துவிட்டது. எங்களுக்கு முன்பே சேர்ந்த ஓர் அக்கா பி.எஸ்சி. எழுதியிருந்தாள். ரிசல்ட் வந்த சந்தோஷத்தில் கூட இருந்தவர்கள் ஹாஸ்டலில் கேக் வெட்டினார்கள். அப்போது எடுத்த போட்டோ யார் போன் வழியாகவோ எங்கெங்கோ போயிருக்கிறது. கொஞ்ச நாள் கழித்துக் காலையில் கேட்டில் அவள் கார்டை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்து கம்பி சுழல வேண்டும். சிவப்பு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு. செக்யூரிட்டி அவளை ஓரமாக நிற்கச் சொன்னார். நாங்கள் அவளைத் தாண்டி ஒவ்வொருவராக உள்ளே போனோம், ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து தினமும் கார்டை வைக்குமுன் துப்பட்டாவில் இரண்டு தடவை துடைத்துக்கொள்வேன். பச்சை எரிந்த பிறகும் கொஞ்ச தூரம் நடக்கும்வரை திரும்பிப் பார்க்க மாட்டேன்.

ஹாஸ்டலில் புத்தகத்தைத் திறக்க வழியில்லை. பெண்கள் நிறைய, வாய்களும் நிறைய. கம்பெனி பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே இலக்கிய வகுப்புகளைக் கேட்பேன். காதுக்கு ஆங்கிலம் வந்தது அப்படித்தான். நாக்குக்கு வரவேயில்லை, பேச ஆள் வேண்டுமே. பஸ்ஸில் கேட்டதை லைனில் நின்று சொல்லிப் பார்ப்பேன். மாஸ்க்குக்குள் உதடு அசைவது யாருக்குத் தெரியும்? கை போர்டைத் தள்ளும், கண் ஈயத்தைப் பார்க்கும், வாய் மட்டும் இங்கிலாந்தில் இருக்கும்.

தோழிக்கு மட்டும் தெரியும். "ஏட்டி, என்னத்த முணுமுணுக்க? லைன் லீடர் பாக்கான்" என்று இடிப்பாள். நான் நிறுத்துவேன். அவர் தாண்டிப் போனதும் மறுபடி தொடங்குவேன்.

ரொமான்டிசிசத்தை நான் கோபத்தோடுதான் படித்தேன். இயந்திரங்கள் வந்து ஊரெல்லாம் புகையாகிப்போன காலத்தில் அந்தக் கவிஞர்கள் காட்டையும் மலையையும் பார்த்து எழுதப் போய்விட்டார்களாம். அதில் சப்ளைம் என்று ஒன்று. மிகப் பெரிய ஒன்றின் முன்னால் நிற்கும்போது வருகிற நடுக்கம், அந்த நடுக்கத்திலேயே ஓர் இன்பம். பாறை, இடி, பொங்கும் கடல். ஆனால் நமக்கு ஆபத்தில்லாத தூரத்தில் நின்று பார்த்தால்தான் அந்த இன்பம் வரும் என்று வகுப்பில் சொன்னார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. முதல் நாள் எங்கள் ஷெட்டுக்குள் நுழைந்து, அடுத்த முனை தெரியாமல் நீண்டுகிடந்த அதன் நீளத்தைப் பார்த்தபோது எனக்கும்தான் நடுங்கியது. ஆனால் நான் அதற்குள்ளேயே நிற்க வேண்டும், கழிப்பறைக்குப் போகக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். எட்டி நின்று பயப்பட இடம் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இதை விடைத்தாளில் எழுதினால் மார்க் போட மாட்டார்கள் என்று தெரிந்ததால் மலையையும் மேகத்தையுமே மனப்பாடம் செய்தேன்.

விக்டோரியா காலம் அப்படியில்லை. அதற்குள் போனதும் எனக்கு எல்லாமே தெரிந்த இடமாக இருந்தது. ஆலை, ஆலைக்கு ஓடும் பெண்கள், ஒழுக்கத்தைக் காவல் காக்கும் வார்டன்கள், உள்ளே ஆடிப்போயிருந்தாலும் வெளியே பட்டன் போட்ட கோட்டு. அதில் வழக்கமாக ஒரு கேள்வி வரும்: விக்டோரியன் காம்ப்ரமைஸ். அந்தக் காலத்து எழுத்தாளர்கள் சமூகத்தில் இருந்த கொடுமைகளைப் பார்த்தார்கள், எழுதவும் செய்தார்கள், ஆனால் எதையும் புரட்டிப்போட விரும்பாமல் ஒருவிதமாகச் சமாளித்துக்கொண்டார்கள் என்பது பதில். எனக்கு அது ஒரே தடவையில் மனப்பாடமாகிவிட்டது. நானே அப்போது அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

தோழியின் முகத்துக்கு நேரே தொங்கிய குழாய் இழுப்பதை நிறுத்திவிட்டிருந்தது. ஈயப் புகை நேராக அவள் மாஸ்க்குக்குள் போகும். முதலில் தொண்டைக் கமறல் என்றாள். அப்புறம் இருமல். லைன் லீடரிடம் சொன்னாள். அவர் இந்தப் பக்கத்து ஆள்தான், கெட்டவர் என்று சொல்ல முடியாது. "நானும் சொல்லிகினுதான் கீறேன்மா. மெயின்டனன்ஸ்காரன் வரலன்னா நான் இன்னா பண்றது? லைன நிறுத்தச் சொல்றியா?" லைனை நிறுத்தச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும். அவள் இருமலை அடக்கக் கற்றுக்கொண்டாள். நான் இருமல் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன், ஹாஸ்டலில் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் என்னைப் பார்ப்பார்கள், பார்த்தால் விசாரிப்பார்கள், விசாரித்தால் என் டிகிரி வெளியே வரும். பயம் எனக்கு இந்தக் கணக்கை நொடியில் போட்டுக் கொடுத்துவிடும்.

மாடர்னிசத்துக்கு வந்தபோது அவள் இருமல் என் படிப்போடு கலந்துவிட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு எல்லாம் உடைந்து, ஒவ்வொருவரும் தன் தலைக்குள் தனியாக இருந்த காலம் அது. வெளியே கடிகாரம் ஒரு பக்கம் ஓடும், உள்ளே மனம் வேறு பக்கம் ஓடும். அதற்கு நனவோடை என்று பெயர். எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியதில்லை. ஒரு போர்டு என் கையைத் தாண்டுவதற்குள் நான் ஊருக்குப் போய், அம்மாவின் முகத்தைப் பார்த்து, சிவப்பு விளக்குக்குத் திரும்பி, புதுக்கவிதையின் இலக்கணத்தைச் சொல்லி, அவள் இருமியதும் திடுக்கிட்டு லைனுக்கு வந்துவிடுவேன். அவள் இருமாத நேரத்தில் இன்னும் பயமாக இருக்கும். ஏன் இருமவில்லை என்று திரும்பிப் பார்ப்பேன்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருந்தபோது இங்கிலாந்திலிருந்தே ஆள் வந்தது. எங்கள் போர்டுகளை வாங்கும் கம்பெனியின் பிரதிநிதி, நரைத்த தலையை ஒட்ட வெட்டிய ஓர் அம்மாள். தரையெல்லாம் துடைத்து, எங்களுக்குப் புதிய மாஸ்க் கொடுத்து, யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இத்தனை காலம் மாஸ்க்குக்குள் முணுமுணுத்த தேசம் நடந்து வருகிறது. எனக்கு அதைப் பார்க்கும் ஆசைகூட வரவில்லை. சீக்கிரம் தாண்டிப் போனால் போதும் என்றிருந்தது.

தாண்டிப் போகவில்லை. தோழி இருமினாள். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், குனிந்துகொண்டு இருமினாள். அந்த அம்மாள் நின்றுவிட்டார். கூடவே மேனேஜர், லைன் லீடர், மொழிபெயர்க்க வந்த ஹெச்.ஆர். சார் எல்லாரும் நின்றார்கள். அந்த அம்மாள் மெதுவாக, தெளிவாக ஆங்கிலத்தில் கேட்டார்: இந்தப் பெண் இருமுவது புகையாலா, இந்தக் குழாய் வேலை செய்கிறதா என்று அவளையே கேளுங்கள்.

ஹெச்.ஆர். சார் தோழியிடம் திரும்பிச் சொன்னார். "மேடம் வேலையெல்லாம் எப்படி இருக்குன்னு கேக்கறாங்கம்மா."

"நல்லாருக்கு சார்" என்றாள் அவள், கண்ணில் நீரோடு.

அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: அவளுக்குச் சளியாம், குழாய் நன்றாக வேலை செய்கிறதாம்.

லைனில் நின்று இரண்டு பக்கமும் புரிந்துகொண்டது நான் ஒருத்திதான். போஸ்ட்மாடர்னிசத்தில் நம்பக் கூடாத கதைசொல்லி என்று வரும். கதையைச் சொல்கிறவனே பொய் சொல்வான், படிப்பவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த பாடம். அது சட்டையை இன் பண்ணிக்கொண்டு என் எதிரே நிற்கும் என்று நினைக்கவில்லை. கை போர்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது.

"இல்ல சார், குழாய் இழுக்கலன்னு சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அவர் தமிழில் குழாயைப் பற்றிக் கேட்கவேயில்லை. கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். ஆங்கிலம் புரியும் என்று என் வாயாலேயே காட்டிக்கொடுத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த அந்தக் கண்ணில் எல்லாம் புரிந்துபோனது தெரிந்தது.

இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று அந்த அம்மாள் கேட்டார். உங்களை வரவேற்கிறாள் என்றார் அவர்.

கேட்டில் சிவப்பு விளக்கு எரிந்தாயிற்று என்றே வைத்துக்கொண்டேன். போனது போனதுதான், இனி என்ன. பி.ஏ.வும் முக்கால்வாசி எம்.ஏ.வும் படித்த நான், வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொரு மனுஷியிடம் ஆங்கிலத்தில் பேசினேன். அழகான நீண்ட வாக்கியங்கள் எத்தனை மனப்பாடம்! ஒன்றுகூட வரவில்லை.

"பைப் நாட் புல்லிங், மேடம். ஷி காஃப். எவ்ரி டே காஃப்."

அந்த அம்மாள் குழாயின் அருகே வந்தார். பையிலிருந்து ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து, ஒரு கீற்று கிழித்து, குழாயின் வாயில் பிடித்தார். குழாய் இழுத்தால் அது உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும். அவர் விரலை எடுத்தார். கீற்று ஆடி ஆடி வந்து தோழியின் போர்டின் மேல் விழுந்தது. மேனேஜர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு நடந்தார்.

மறுநாளே குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். இழுக்கிறதா என்று பார்த்ததும் தெரிய, ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு காகிதக் கீற்றை ஒட்டிவைத்தார்கள். தோழி தன் காகிதம் உள்நோக்கித் துடிப்பதை எனக்குக் கண்ணால் காட்டினாள். "ஒனக்கு இங்கிலீஷ் இவ்வளவு நல்லா வருமாட்டி!" என்று பஸ்ஸில் என் தோளை இடித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹெச்.ஆர். சார் எப்போது கூப்பிடுவார் என்று காத்திருந்தேன்.

கூப்பிட்டார். அவர் அறையில் நான் நின்றேன், அவரும் நின்றார். உட்கார அவருக்குத் தோன்றவில்லை. கையில் ஒரு பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். மூடி சரியாக உட்காரவேயில்லை. அவருக்கும் பயம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை. பயந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று என்னை வைத்தே எனக்குத் தெரியும்.

"மேடம் கேட்டதை நான் வேற மாதிரி சொன்னேன்னு எங்கயும் வெளிய வரக்கூடாது" என்றார். "புரியுதா?"

"புரியுது சார்."

"நீ என்ன படிச்சிருக்கேன்னு நான் கேக்கல."

"சரி சார்."

அவ்வளவுதான். இரண்டு பயந்தாங்கொள்ளிகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். வெளியே வரும்போது எனக்குக் கால் லேசாகிவிட்டது. தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன், சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்த வாரத்திலேயே தோழியை மெடிக்கல் ரூமுக்கு அனுப்பினார்கள். அந்த அம்மாள் ஊருக்குப் போகுமுன் இருமும் பெண்ணைக் கவனிக்கச் சொன்னாராம். கவனித்தார்கள். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார்கள், ஊதச் சொன்னார்கள். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா, நாங்களே கூப்பிடுறோம்" என்றார்கள். அவள் அதை நம்பவில்லை. அடுத்த நாள் காலையில் வழக்கம்போல் தலை சீவி, என்னோடு பஸ்ஸில் வந்து, கேட்டில் எனக்கு முன்னால் கார்டை வைத்தாள்.

சிவப்பு எரிந்தது.

எத்தனையோ காலமாக நான் பயந்து பயந்து காத்திருந்த விளக்கு. எனக்கு எரியும் என்று நினைத்தது அவளுக்கு எரிந்தது. அவள் துடைத்துப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிப் போகச் சொல்லி ஒதுங்கி நின்றாள். என் கார்டை வைத்தேன். பச்சை. கம்பி சுழன்று என்னை உள்ளே தள்ளியது. இந்தத் தடவை நான் திரும்பிப் பார்த்தேன். அவள் செக்யூரிட்டியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நடுவில் இருமினாள்.

சாயங்காலம் ஹாஸ்டலில் அவள் பெட்டி கட்டி வைத்திருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. பஸ் ஏற்றிவிட சுங்குவார்சத்திரத்துக்குப் போனோம். பஸ் வரும்வரை சும்மா நின்றவள், படியில் கால் வைத்த பிறகு திரும்பிக் கேட்டாள்.

"கொழாய் இன்னைக்கும் நல்லா இழுத்துச்சாட்டி?"

இழுத்தது என்றேன். சரி என்று ஏறிக்கொண்டாள். அவளை அவர்கள் பிறகு கூப்பிடவில்லை.

பரீட்சை எழுதினேன். விக்டோரியன் காம்ப்ரமைஸ் கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எழுதினேன். பாஸாகிவிட்டேன். கேக் வெட்டவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. பள்ளிக்கூடங்களுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவரை லைனில்தான் நிற்கிறேன். ஹெச்.ஆர். சார் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார், நானும் அப்படியே.

தோழியின் இடத்தில் ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். ராமநாதபுரம் பக்கம். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, நான் கேட்டு முடிக்கும் முன்பே "பிளஸ் டூக்கா" என்றாள். அந்த அவசரம் எனக்குத் தெரிந்த அவசரம். நான் மேலே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் தன் முகத்துக்கு நேரே துடித்துக்கொண்டிருந்த காகிதக் கீற்றைக் காட்டி, இது எதுக்குக்கா என்றாள்.

"கொழாய் இழுக்குதான்னு பாக்க" என்றேன்.

"இழுக்கலன்னா யார்கிட்டக்கா சொல்லணும்?"

லைன் லீடர் அந்த முனையில் நின்றார். போர்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு சொன்னேன்.

"கொழாய் இழுக்கலன்னா என்கிட்ட சொல்லு. இருமல் வந்தா மட்டும் யார்கிட்டயும் சொல்லாத. என்கிட்டயும்தான்."